கூட்டாளிக்கு மெலியிற பொடி வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. 13 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் பிள்ளை இருக்கிற வீட்டார் பாதியில் விட்டுவிட்டு ஓடாமல் வாசியுங்கள்.

“30 நாளில் 10 கிலோ. நூறு வீதம் மூலிகை. பக்கவிளைவு கிடையாது. இன்பொக்ஸ் வரவும்.” நம்மூர் வட்ஸ்அப் குழுக்களில் ஜனாஸா அறிவித்தலுக்கு அடுத்தபடியாக அதிகம் சுற்றுவது இந்த விளம்பரம்தான். கல்யாணம் பேசி முடித்த பெண் பிள்ளைகளும் தொப்பை விழுந்த வாப்பாமாரும்தான் இதை வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஓ.எல். வகுப்புப் பிள்ளைகளும் வாங்குகிறார்கள். நாலைந்து பேர் டியூஷனுக்கு வீட்டில் தரும் காசில் மிச்சம் பிடித்து, பருமனான ஒரு கூட்டாளிக்காக ஒரு பைக்கற் எடுத்துக் கொடுக்கிறார்கள். அவன் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு அதைக் கரைத்துக் குடித்து வந்து, மூன்றாம் பாடத்தில் மேசையில் தலையை வைத்துப் படுக்கிறான்.

அந்தப் பிள்ளைகளை ஏச எங்களுக்கு வாய் வரவில்லை. அவனுக்கு உதவ வேண்டும் என்று நினைத்தவர்கள் இந்த ஊரில் அவர்கள் மட்டும்தான். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? மாமி வீட்டுக்கு வந்தால் ஸலாம் சொல்ல முன்னமே “என்ன மகன், இன்னும் ஊதிட்டீங்க” என்கிறார். கல்யாண வீட்டில் சஹனுக்கு உட்கார்ந்தால் “இவரோட இருந்தா நமக்கு ஒண்டும் மிஞ்சாது” என்று பெரிய மனிதர் ஒருவர் சிரிக்கிறார். வகுப்பில் அவன் பெயர் லொறி. அவளுக்கு வேறு பெயர், அதை இங்கே எழுத விருப்பமில்லை. பட்டப்பெயர் சூட்டிக் கேலி செய்வதைத் தடுக்கும் ஆயத் ஸூரா அல்-ஹுஜுராத்தில் 11ஆவதாக இருக்கிறது என்று இவர்களில் யாரிடம் கேட்டாலும் உடனே சொல்வார்கள். மனனம் இருக்கிறது.

“பகிடிக்குத்தானே சொன்னது, அப்பதான் ரோஷம் வந்து மெலிவான்” என்பார்கள். மெலிய மாட்டான். 2016இல் அமெரிக்கச் சிறுவர் மருத்துவக் கழகம் இதைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. டயட் இருப்பது, வீட்டில் எடையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது, எடையை வைத்துக் கேலி செய்வது, இந்த மூன்றும் பிள்ளை பருமனாவதோடும் தொடர்புபட்டவை, சாப்பாட்டுக் கோளாறுகளோடும் தொடர்புபட்டவை. குடும்பமாகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் பிள்ளையைப் பாதுகாக்கிறது. கேலி செய்யப்பட்ட பிள்ளை மைதானத்துக்கு வராது. கல்யாண வீட்டில் இரண்டு வாய் மட்டும் சாப்பிட்டுவிட்டு, இரவு பதினொரு மணிக்குக் குசினியில் ஒளித்துச் சாப்பிடும். இதை உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள்.

இனிப் பொடிக்கு வருவோம். சிபுட்ரமின் என்று ஒரு மருந்து இருந்தது. பசியை அடக்கும். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் “மூலிகை” என்று லேபல் ஒட்டிய மெலிவுப் பொடிகளிலும் வில்லைகளிலும் அதே மருந்தைப் பல நாடுகளின் அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். லேபலில் அது இருக்காது, கள்ளமாகக் கலக்கப்பட்டிருக்கும். அடுத்தது மெலிவுத் தேயிலை. இவற்றில் பலவற்றில் இருப்பது ஸனா இலை. சுன்னத்தான மருந்து என்று சொல்லியே விற்கிறார்கள். ஸனா வயிற்றைக் கழுவும் மருந்து, மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் எடுப்பது. அதை மாதக்கணக்கில் குடித்தால் போவது தண்ணீரும் உப்புகளும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். தராசில் இரண்டு கிலோ குறைந்ததாகக் காட்டும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

உடம்பில் பொலிதீன் சுற்றிக்கொண்டு வெயிலில் ஓடும் பையன்களுக்கும் இதே கணக்குத்தான். போனது வேர்வை, ஒரு போத்தல் தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும். இடையில் மயங்கி விழாமல் இருந்தால் அல்ஹம்துலில்லாஹ்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். திங்கள், வியாழன் நோன்பை டயட்டாக மாற்றிக்கொண்ட பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். “நோன்பு” என்றால் உம்மா கேள்வி கேட்க மாட்டார், அதுதான் காரணம். ஸஹருக்கு ஒரு கிளாஸ் தண்ணீர், திறக்கும்போது இரண்டு பேரீச்சம்பழம், இரவு ஒன்றுமில்லை. நிய்யத் அல்லாஹ்வுக்கும் அவளுக்கும் இடையில் உள்ள விஷயம், நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் மாதவிடாய் நின்றுபோய், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும் பிள்ளையைப் பார்த்து “மாஷா அல்லாஹ், நல்லா மெலிஞ்சிட்டா” என்று சொல்லும் உம்மாமாரோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது.

அப்படியென்றால் பருமன் ஒரு பிரச்சினையே இல்லையா? பிரச்சினைதான். பருமனான பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் பின்பக்கம் வெல்வெட் துணிபோலக் கறுத்துத் தடித்து வரும். அது அழுக்கு என்று நினைத்துக் கடலை மாவும் தேசிக்காயும் போட்டுத் தேய்க்கிறார்கள். தேய்த்தால் போகாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம், நீரிழிவுக்குப் போகும் பாதை அது. அதோடு அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், இரவில் பலத்த குறட்டை, பெண் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் இருப்பது, இடுப்பு அல்லது முழங்கால் நொந்து நொண்டி நடப்பது, இவற்றில் எது இருந்தாலும் பொடிக்காரரிடம் போகாதீர்கள், டொக்டரிடம் கூட்டிப் போங்கள்.

பெரியவர்களுக்கான பீ.எம்.ஐ. கணக்கைப் போனில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வளரும் வயதில் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து வளர்ச்சி வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே வைத்தியப் பரிசோதனை நடக்கிறது. அன்று வெட்கத்தில் லீவு போடுகிற பிள்ளைதான் அன்று கட்டாயம் வர வேண்டிய பிள்ளை. அந்த நாளில் எடையைச் சத்தமாக வாசிக்காமல் இருப்பது எடுக்கிறவர்களின் கடமை. உயரம் இன்னும் கூடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எடையைக் குறைக்கவே தேவையில்லாமல் போகலாம். இருக்கிற எடையை ஏறாமல் வைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு வருடத்தில் உயரம் அதைச் சரிக்கட்டிவிடும். 30 நாளில் 10 கிலோக்காரர் இதை உங்களுக்குச் சொல்வாரா? இதில் விற்க ஒன்றுமில்லையே.

சரி, அந்த நாலு கூட்டாளிகளுக்கு என்ன சொல்வது? தம்பிமாரே, தங்கச்சிமாரே, இது உங்களுக்கு.

உங்கள் கூட்டாளி தானாகக் கேட்டால் மட்டும் எடையைப் பற்றிப் பேசுங்கள். கேட்காவிட்டால் “வாடா, அஸருக்குப் பிறகு ஒரு ரவுண்ட் நடப்போம்” என்றால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. முதல் கிழமை பதினைந்து நிமிடம். மூச்சு வாங்கினாலும் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். உங்கள் வயதுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணித்தியாலம் உடம்பு அசைய வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு, ஆனால் அதை ஒரே நாளில் பிடிக்கப் போனால் மூன்றாம் நாள் முழங்கால் பிடித்துக்கொள்ளும். கிரிக்கெட்டில் அவனை எப்போதும் விக்கெட் காப்பாளராக நிறுத்தாதீர்கள், ஓடுகிற இடத்தைக் கொடுங்கள், பந்து தவறினால் சிரிக்காதீர்கள். பின்னேர டியூஷனுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போக வாப்பா காத்திருப்பார். “நாங்க சேர்ந்து சைக்கிள்ள போறம்” என்று நீங்கள் எல்லாரும் சொன்னால் அவர் விட்டுவிடுவார்.

சாப்பாட்டில், அவன் தனியாக டயட் இருக்க விடாதீர்கள். நாலு பேரும் ரோல்ஸும் சிவப்பு வட்டம் போட்ட போத்தலும் வைத்துக்கொண்டு அவனை மட்டும் வெறும் தண்ணீர் குடிக்கச் சொன்னால் அது உதவியில்லை. அந்தச் சிவப்பு வட்டம் 2016 ஓகஸ்டில் நம் நாட்டில் வந்த சட்டம். 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 400 மில்லி போத்தல் என்றால் 44 கிராமுக்கு மேல், பத்துத் தேக்கரண்டிக்குக் கிட்ட. உங்கள் வயதுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது. முதலில் போத்தலை விடுங்கள், எல்லாருமாக. பிறகு தேத்தண்ணீரில் மூன்று கரண்டி போடுகிறவர்கள் இரண்டாக்குங்கள். இரண்டு கிழமையில் நாக்கு பழகிவிடும். காலைச் சாப்பாட்டை விடவே வேண்டாம். பராட்டாவும் கறியாணமும்தான் காலைச் சாப்பாடு என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவித்த கடலை, பயறு, முட்டை, குரக்கன் ரொட்டி எல்லாம் நம் குசினியில் உள்ளவைதான். சோற்றை அடியோடு விடத் தேவையில்லை. பீங்கானில் பாதி கீரையும் மரக்கறியும், கால் பங்கு மீனோ பருப்போ, கால் பங்கு சோறு. தினமும் தராசில் ஏறாதீர்கள், மாதத்துக்கு ஒரு தரம் போதும், அதுவும் கிளினிக்கில் என்றால் நல்லது.

அவன் சாப்பிட்டவுடன் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுக்கிறானா, சாப்பாட்டை ஒளிக்கிறானா, தலை சுற்றுகிறது என்கிறானா, அதை மட்டும் இரகசியமாக வைத்துக்கொள்ளாதீர்கள். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அது காட்டிக்கொடுப்பதாகாது.

இவ்வளவையும் பையன்களுக்குச் சொல்லிவிடலாம். பெண் பிள்ளைகளுக்கு எங்கே போய் நடக்கச் சொல்வது? பத்து வயது வரை ரோட்டில் ஓடித் திரிந்த பிள்ளையை, பெரிய பிள்ளையானதும் வீட்டுக்குள் வைத்துவிடுகிறோம். பாடசாலை, டியூஷன், வீடு, மூன்றுக்கும் முச்சக்கர வண்டி. கடற்கரை இருக்கிறது, ஸுபஹுக்குப் பிறகு ராத்தாமார் இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் அடுத்த நாள் கதை கட்டுகிறார்கள். பிறகு பதினெட்டு வயதில் பெண் பார்க்க வருகிறவர் “பிள்ளை கொஞ்சம் பருமன்” என்று மூக்கைச் சுளிக்கிறார். அந்த இரவே உம்மா பொடிக்கு ஓடர் கொடுக்கிறார். நடக்க விடாததும் இந்த ஊர், பருமன் என்று தட்டிக் கழிப்பதும் இந்த ஊர், மருந்து விற்றுச் சம்பாதிப்பதும் இந்த ஊர். பர்தாவோடு நடக்கலாம், உறையோடு ஸ்கிப்பிங் அடிக்கலாம், மதில் கட்டிய பாடசாலை மைதானம் பின்னேரம் முழுக்கச் சும்மா கிடக்கிறது. ஹராம் என்று யாரும் ஆதாரம் காட்டியதில்லை. “ஆக்கள் என்ன சொல்லும்” என்பதைத் தவிர வேறு தடை இல்லை.

பாடசாலைகளையும் விட்டு வைக்க முடியாது. சுகாதாரமும் உடற்கல்வியும் 9ஆம் தரம் வரை கட்டாயப் பாடம். எத்தனை பாடசாலைகளில் அந்த நேரம் மைதானத்தில் போகிறது? கணிதம் முடியவில்லை, விஞ்ஞானம் முடியவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 10ஆம் தரத்தில் அது விருப்பப் பாடமாகிவிடுவதால், எடுக்காத பிள்ளைக்கு அந்தப் பேச்சே முடிந்தது. கென்டீனில் என்ன விற்கலாம், என்ன விற்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் இருக்கிறது. பொரித்ததும் போத்தலும் விற்றால்தான் குத்தகைக் காசு கட்டும் என்று கென்டீன்காரர் சொல்வார், அவர் சொல்வதும் பொய்யில்லை. குத்தகையைக் குறைத்துக் கேளுங்கள் என்று பெற்றோர் யாராவது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எழுந்து பேசினால் தீர்கிற விஷயம். பேசுகிறார்களா? மேடைக்கு வர்ணம் பூசுவதற்கு ஒரு மணித்தியாலம் பேசுகிறார்கள்.

பொடி விற்கிறவர்கள் கீழே கொமன்ட்டில் வருவார்கள் என்று தெரியும். வாருங்கள். மருந்து என்றால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு இலக்கத்தைப் போடுங்கள். சாப்பாட்டுச் சாமான் என்றால் செய்தவரின் முகவரியும் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியும்படி லேபலைப் படம் எடுத்துப் போடுங்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விற்கிறீர்களா இல்லையா என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். “எங்கட கஸ்டமர் பத்துக் கிலோ குறைஞ்சார்” என்ற படங்கள் வேண்டாம், அழித்துவிடுவோம்.

பள்ளிவாசல் நிர்வாகத்திலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் இருக்கிறவர்கள் இதை வாசித்தால், கிழமைக்கு இரண்டு நாள் அஸரிலிருந்து மஃரிப் வரை மைதானத்தைப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்து கொடுக்கலாமா என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரு பதில் சொல்லுங்கள். கேற்றில் நிற்க ஆசிரியைகள் தயார். சாவிதான் எங்களிடம் இல்லை.