வீரத்திற்கும் நிறமா?

வீரனுக்கே பதக்கம் என்பர். வீரத்தை அளக்கும் கோல் எவர் கையில் என்று கேட்டதுண்டா, தோழர்களே?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பர் பணியாற்றினர். நாட்டின் உச்ச விருதான ‘மெடல் ஆஃப் ஆனர்’ நானூற்றுக்கும் மேற்பட்டோர்க்குக் கிடைத்தது. அவர்களுள் கறுப்பர் ஒருவரேனும் உண்டா? இல்லை! குண்டு நிறம் பார்த்தா பாய்ந்தது? நிறம் பார்த்தது, பரிந்துரை எழுத வேண்டிய பேனா!

1945 ஏப்ரலில் இத்தாலியில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலைகளைத் தகர்த்த வெர்னன் பேக்கர், அதனை 1997இல்தான் பெற்றார்; அப்போது வயது 77! உடன் அறிவிக்கப்பட்ட அறுவரும் உயிருடன் இல்லை.

பழங்கதையைக் கிளறுவானேன் என்பார் உளர். கொடுக்காத கடன் பழங்கதையாகுமா? கல்லறைக்குச் சூட்டும் பதக்கம் கருணையன்று, காலங்கடந்த கடன்! தோலைப் பாராது செயலைப் பார்த்துத் தருக! மறுக்கப்பட்டோர் ஏடுகளை, அவர்தம் மூச்சு நிற்குமுன் புரட்டுக!