கானாவுக்கு ஐந்து நிமிடம்

கானா என்றதும் முகம் சுளிப்பவர்கள் நம்மில் பலர். "ரவுடிப் பாட்டு" என்று வீட்டிலேயே சொல்கிறார்கள். ஆனால் மாத்தூரில் வாழும் எங்களுக்கு அது அந்நியமா என்ன? தெருவில் ஒரு சாவு விழுந்தால், தூங்காமல் அமர்ந்திருக்கும் உறவினருக்காக விடியும்வரை ஒலிப்பது கானா அல்லவா? இறந்தவர் எங்கே உழைத்தார், யாருக்கு உதவினார் என்பதெல்லாம் அதில் வரும். ஒரு துறைமுகக் கூலித் தொழிலாளியின் வாழ்க்கையை வேறு யார் பாடப் போகிறார்கள்?

2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாகப் பாடியது. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சொல்லே அப்பெயருக்கு மூலம். பறையும் சட்டியும் கிதாரும் ஒரே மேடையில் ஒலித்தன. குழுவில் 19 பேர், பெண் ஒருவரே. அவர்தாம் நம் இராயபுரத்து இசைவாணி. சாவு வீட்டில் ஒப்பாரி பெண்களுக்கு, கானா ஆண்களுக்கு என்றிருந்த வழக்கத்தைத் தாண்டி மைக்கைப் பிடித்தவர். 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அதே குழுவின் அறிவு 2019-இல் 'தெருக்குரல்' என்னும் பாடல் தொகுப்பைக் கொண்டுவந்தார். எந்தச் சினிமாவுக்காகவும் எழுதப்படாத பாடல்கள் அவை.

எங்கள் தோழி ஒருத்தி சென்ற ஆண்டு விழாவுக்குக் கானா பாடப் பெயர் கொடுத்தாள். கிராமியப் பாடல் பிரிவில் சேராது என்று அடித்துவிட்டார்கள். (பட்டணத்தில் பிறந்தது குற்றமாம்!) அவள் எழுதியிருந்தது என்ன தெரியுமா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவளுடைய ஆயா, இடுப்பளவு தண்ணீரில் துணிப்பெட்டியைத் தலையில் சுமந்து வந்த கதை. மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸில் தாளம் தட்டியபடி கேட்டோம். இருவர் அழுதுவிட்டனர்.

பெண்களைக் கேலி செய்யும் கானாக்களும் உண்டு, கேட்கவே கூசும். மறுக்கவில்லை. ஆனால் அதற்காக நாம் ஒதுங்கி நின்றால் அவைதாமே மிஞ்சும்?

மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களே, வரும் ஆண்டு விழாவில் எங்களுக்கு ஐந்து நிமிடம் தாருங்கள். வரிகளை முன்கூட்டியே தமிழ் மிஸ்ஸிடம் காட்டிவிடுகிறோம். வாத்தியச் செலவு ஏதுமில்லை; டிபன் பாக்ஸ்கள் எங்களிடமே இருக்கின்றன.