பரிசேயன் வீட்டுப் பந்தியில் ஒரு பெண்

விவிலியத்தை இலக்கியமாக வாசிப்போம் என்று சொல்லும்போது நம்மில் பலர் சங்கீதங்களுக்கோ உன்னதப்பாட்டுக்கோதான் முதலில் செல்கிறோம். சுவிசேஷங்களைப் பிரசங்க மேடைக்கு உரியவை என ஒதுக்கிவிடுகிறோம். லூக்கா ஏழாம் அதிகாரத்தின் இறுதிப் பதினைந்து வசனங்களை வாசித்தால் அவ்வெண்ணம் நிலைக்காது.

சீமோன் என்னும் பரிசேயனின் வீட்டில் விருந்து. அழைப்பின்றி ஒரு பெண் பரிமளத் தைலத்தோடு நுழைகிறாள். இயேசுவின் பின்னே, கால்களருகில் நின்று அழுகிறாள். கண்ணீரால் நனைந்த பாதங்களைக் கூந்தலால் துடைத்து, முத்தமிட்டு, தைலம் பூசுகிறாள். கதை முழுவதிலும் அவள் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ஊரறிந்த பாவி என்பதற்கு மேல் லூக்காவும் எதுவும் சொல்லவில்லை. என்ன பாவம், என்ன பெயர் என்பதெல்லாம் பின்னர் வந்தோர் நிரப்பியவை. 591இல் போப் முதலாம் கிரகோரி ஆற்றிய மறையுரை இவளை மகதலேனா மரியாளோடு ஒன்றாக்கிற்று. 1969இல் உரோமைத் திருவழிபாட்டு நாட்காட்டி அதைக் கைவிட்ட பின்னும் ஓவியமும் திரைப்படமும் கைவிடவில்லை. பிறர் பாவத்தின் விவரம் தெரியாவிடில் நமக்கு உறக்கம் வருவதில்லை போலும்!

சீமோனுக்கு இயேசு சொல்லும் உவமை சிறியது. ஒருவனுக்கு ஐந்நூறு வெள்ளிக்காசு கடன், மற்றவனுக்கு ஐம்பது. ஒரு காசு ஒரு நாட்கூலி. இருவருக்கும் கடன் தள்ளுபடியாகிறது. யாருக்கு அன்பு மிகுதியாயிருக்கும்?

இதன்பின் வரும் 47ஆம் வசனத்தில்தான் சிக்கல். அவள் மிகுதியாக அன்பு செய்ததால் மன்னிக்கப்பட்டாளா, மன்னிக்கப்பட்டதால் அன்பு செய்தாளா? கிரேக்க மூலத்தின் இணைப்புச்சொல் இரண்டுக்கும் இடந்தருகிறது. பழைய தமிழ்ப் பெயர்ப்பு காரணச்சொல் எதையும் இடாமல், அன்பைக் கூறும் வினையை ஏகாரத்தில் முடித்துவிடுகிறது. தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொன்ன ஐந்து பொருள்களில் முதலாவதான தேற்றம் அது. பெயர்ப்பாளர் அறிந்து செய்தாரோ அறியாமற் செய்தாரோ, மூலத்தின் இருபொருள் தமிழில் பிழைத்துக்கொண்டது. வகுப்பில் ஏகாரம் நடத்தும்போது நாம் இதனையும் எடுத்துக்காட்டுவதுண்டு.

ஆயினும் உவமை ஒரு பக்கமே சாய்கிறது. கடன் தள்ளப்பட்ட பிறகே அங்கு அன்பு பிறக்கிறது. இவ்வரிசையை மாற்றினால் அன்பு என்பது மன்னிப்புக்கு நாம் செலுத்தும் விலையாகிவிடும்.

இதை இலக்கண விவாதமாக மட்டும் நம்மால் காண இயலவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் நோயுற்றுக் கிடந்தபோது ஜெபிக்க வந்தவர்கள், மறைத்து வைத்த பாவம் ஏதேனும் உண்டா என்று கேட்டார்கள். நண்பர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாமும் அருகிலிருந்தோம், மறுத்து ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் உறுத்துகிறது.

அன்று சொல்லியிருக்க வேண்டியவை சுவிசேஷங்களிலேயே இருந்தன. பிறவிக்குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று வினவியபோது இயேசு இரண்டையும் மறுத்ததை யோவான் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. அதே நூலின் ஐந்தாம் அதிகாரத்தில், முப்பத்தெட்டு ஆண்டு நோயாளியிடம் இனிப் பாவம் செய்யாதே என்ற எச்சரிக்கையும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் எழுந்து நடந்த பிறகே அச்சொல் வருகிறது. குணமாவதற்கு அது நிபந்தனையன்று.

லூக்காவிடம் மற்றொரு நுட்பம் உண்டு. இப்பெண்ணிடம் இயேசு இறுதியாகச் சொல்லும் வாக்கியமே, அடுத்த அதிகாரத்தில் பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கால் வருந்திய பெண்ணிடமும் மூலத்தில் எழுத்துப் பிசகாமல் வருகிறது. முன்னவளுக்கு நோயில்லை, பின்னவளை எவரும் பாவி என்னவில்லை. மீட்டலுக்கும் குணமாக்கலுக்கும் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல். 1611இன் ஆங்கிலப் பெயர்ப்பு அதை இரு வேறு சொற்களாக்கிற்று. நம் பழைய பெயர்ப்போ ஈரிடத்தும் 'இரட்சித்தது' என்றே நிற்கிறது.

அமைதியோடு போகச் சொல்லப்பட்டவள் எங்கே போனாள்? அதே ஊருக்குள்தான் போயிருக்க வேண்டும். அவளைப் பாவியென்று அறிந்த அதே தெருக்களுக்கு. லூக்கா அதைச் சொல்லவில்லை. இவளைப் பார்க்கிறாயா என்று இயேசு கேட்டாரே, அதற்குச் சீமோன் கூறிய விடையையும் அவர் எழுதவில்லை.