சுழல் இயந்திரமும் சுற்றிவரும் பொய்களும்

ஒரு பொருளைக் காரணமின்றிப் பழிப்பவரும் அதற்குப் பகைவர். அளவின்றிப் புகழ்பவரும் அதற்குப் பகைவரே. இவ்வுண்மைக்கு மோட்டார் உலகில் சான்று தேடுவோர் சுழல் இயந்திரத்தின் வரலாற்றைப் புரட்டினாற் போதும். 'ரோட்டரி' என்று பெயர் சொன்ன மாத்திரத்தில் இரண்டு கூட்டங்கள் எழுந்து நிற்கின்றன. பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் உதவாக்கரை என்று ஒரு கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. எண்ணெய் முதலாளிகளும் பந்தய அதிகாரிகளும் சதிசெய்து கொன்றுவிட்ட தெய்வப் படைப்பு என்று மற்றொரு கூட்டம் கண்ணீர் வடிக்கிறது. முதற் கூட்டத்தின் குற்றம் அறியாமை. இரண்டாம் கூட்டத்தின் குற்றம் அதனினும் பெரிது. அறிந்த உண்மையை அன்பின் பொருட்டு மறைப்பது அறியாமையைவிடக் கொடியதன்றோ?

பெலிக்ஸ் வான்கெல் ஜெர்மனியின் லார் நகரில் 1902-ஆம் ஆண்டு பிறந்தவர். பொறியியற் பட்டம் பெறாதவர். கார் ஓட்டும் உரிமமும் பெறாதவர். அவர் உள்ளத்தில் எழுந்த கேள்வி மிக எளியது. பிஸ்டன் மேலே சென்று நிற்கிறது. கீழே இறங்கி மீண்டும் நிற்கிறது. நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை நின்று நின்று புறப்படும் அவ்வசைவைச் சுழற்சியாக மாற்ற எத்தனை தண்டுகள், எத்தனை வால்வுகள், எத்தனை சுருள்வில்கள்! முடிவில் சுழல வேண்டியது சக்கரம் என்றால், தொடக்கத்திலேயே சுழல வைத்தால் என்ன? அக்கேள்வி 1929-இல் ஒரு காப்புரிமையாயிற்று. 1957 பிப்ரவரியில் நெக்கார்சுல்ம் நகரின் என்.எஸ்.யு. தொழிலகத்தில் முதல் இயந்திரமாக உயிர்பெற்றது. அதில் வெளிக்கூடும் சேர்ந்தே சுழன்றது. கூட்டை நிலையாக நிறுத்திச் சுழலியை மட்டும் இயங்கவிட்ட எளிய வடிவம், அதே தொழிலகத்தின் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கேயின் கைவண்ணம். பின்னாளில் கார்களில் ஓடியது அவ்வடிவமே.

அதன் அமைப்பு காண்பவர் உள்ளத்தைக் கவர்வது. இடைசற்றே ஒடுங்கிய நீள்வட்டக் கூடு. அதனுள் பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி. சுழலியின் மூன்று முனைகளும் கூட்டின் சுவரை விட்டுப் பிரியாமல் ஊர்ந்து செல்ல, இடையே மூன்று அறைகள் விரிந்தும் சுருங்கியும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. இழுத்தல், அழுத்தல், எரித்தல், வெளியேற்றல் என்னும் நான்கு தொழில்களும் அவ்வறைகளில் இடைவிடாது நிகழ்கின்றன. சுழலி ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் நடுத்தண்டு மூன்று முறை சுற்றிவிடுகிறது. தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுழலியிலிருந்து ஓர் உந்துதல் கிடைக்கிறது.

இதன் நிறைகள் கற்பனையல்ல. இரண்டு சுழலிகள் கொண்ட இயந்திரத்தில் அசையும் முதன்மை உறுப்புகள் மூன்றே: சுழலிகள் இரண்டு, தண்டு ஒன்று. வால்வுகள் இல்லை, அவற்றைத் திறந்து மூடும் தண்டுகளும் இல்லை. முன்னும் பின்னும் உதைக்கும் எடை இல்லாமையால் அதிர்வு மிகக் குறைவு. உருவம் சிறியது, எடையும் குறைவு; ஆகவே காரின் முகப்பைத் தாழ்த்தி, இயந்திரத்தைப் பின்னோக்கித் தள்ளி வைத்து, வண்டியின் சமநிலையைச் செம்மைப்படுத்த முடிந்தது. 1978-இல் வெளிவந்த மாஸ்டா ஆர்.எக்ஸ்.-7 அச்சிறப்பினாலேயே புகழ் பெற்றது. 2002-இல் முடிவதற்குள் அது எட்டு லட்சத்திற்கும் மேல் விற்பனையாயிற்று. அதற்கு முன்பே, 1969 ஏப்ரலில், சிங்கப்பூர்ப் பந்தயத்தில் மாஸ்டாவின் சிறிய பெமிலியா ரோட்டரி வென்று காட்டியது. இவற்றையெல்லாம் மறுத்து 'உதவாக்கரை' என்பவர்கள் இயந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. தங்கள் சோம்பலைப் பற்றியே பேசுகிறார்கள்.

ஆயினும் நிறையைச் சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கறிஞர் வேலை, நடுவர் வேலையன்று. நிறையையும் குறையையும் ஒருசேர எடைபோட்டு மிகுந்ததைக் கொள்வதே வள்ளுவர் காட்டிய நெறி. குறைகளையும் தராசில் ஏற்றிப் பார்த்தல் வேண்டும்.

முதற் குறை, எரியறையின் வடிவம். பிஸ்டன் இயந்திரத்தில் கலவை ஒரு திரண்ட சிறு இடத்தில் எரிகிறது. சுழல் இயந்திரத்திலோ அது நீண்டு தட்டையாகிய, நகர்ந்துகொண்டே இருக்கிற அறையில் எரிகிறது. கொள்ளளவு சிறிது, சுவரின் பரப்போ பெரிது. ஆதலால் வெப்பம் சுவர்வழியே வீணாகிறது. ஓரங்களுக்குச் செல்லும் தீ அணைந்து போகிறது. எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறுகிறது. இக்குறையைத் தணிக்கவே ஒரு சுழலிக்கு இரண்டு தீப்பொறிச் செருகிகள் வைக்க நேர்ந்தது. இரண்டாம் குறை, முனை அடைப்புகள். சுழலியின் முனைகளில் உள்ள மெல்லிய தகடுகளே அறைகளைப் பிரிக்கும் காவலர்கள். அவை தேயாதிருக்க எண்ணெயைச் சிறிது சிறிதாக அறைக்குள்ளேயே செலுத்த வேண்டும். அவ்வெண்ணெயும் எரிந்து தீர்கிறது. மூன்றாம் குறை, வெப்பத்தின் ஓரவஞ்சனை. கூட்டின் ஒரு பக்கம் எப்போதும் குளிர்ந்த கலவையை வாங்குகிறது. மறுபக்கம் எப்போதும் தீயைத் தாங்குகிறது. இவ்வேறுபாட்டால் கூடு கோணாதிருக்கப் பெருமுயற்சி தேவை.

இனிப் பொய்களைப் பார்க்கலாம். "வெறும் 1,308 சி.சி. இயந்திரம் இவ்வளவு ஆற்றல் தருகிறதே, என்னே அற்புதம்!" என்பது அன்பர்களின் முதல் முழக்கம். இது கணக்கில் செய்யப்படும் கண்கட்டு வித்தை. ஒரு சுழலியில் மூன்று அறைகள் உள்ளன. எண்ணிக்கையில் சேர்க்கப்படுவதோ ஒன்றே. நான்கு வீச்சுப் பிஸ்டன் இயந்திரத்தில் ஒரு சிலிண்டர், தண்டின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை உந்துகிறது. சுழலியோ ஒவ்வொரு சுற்றிலும் உந்துகிறது. ஆகவே 1,308 என்பதை நேர்மையாக ஒப்பிட விரும்புவோர் இருமடங்காக்கி 2,616 என்று கொள்ளல் வேண்டும். ஜப்பானிய வரிச்சட்டமே அதனை ஒன்றரை மடங்காக்கித்தான் வரி விதித்தது. சிறிய எண்ணை முகப்பில் எழுதிவிட்டால் பெட்ரோல் தொட்டி ஏமாந்துவிடுமா?

"எண்ணெய் முதலாளிகளின் சதி" என்பது இரண்டாம் முழக்கம். இதனைச் சொல்பவர்கள் ஒருகணம் சிந்தித்திருந்தால் வாய் மூடியிருப்பார்கள். அதிகம் குடிக்கும் இயந்திரத்தை எண்ணெய் விற்பவன் ஏன் கொல்லப் போகிறான்? மாலை சூட்டி வரவேற்பானே! உண்மை வேறு. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி மூண்டது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு நடத்திய சோதனையில், மாஸ்டாவின் சுழல் இயந்திரக் கார் நகர ஓட்டத்தில் காலனுக்குச் சுமார் 11 மைலே தந்தது. புகையைத் தூய்மைப்படுத்துவதற்காகவே கலவையில் பெட்ரோலை மிகுத்து, எஞ்சியதை வெளியேற்றுக் குழாயருகே மறுபடி எரித்த ஏற்பாடும் அதற்கொரு காரணம். காற்றைக் காத்த கை பெட்ரோலை இறைத்தது. அமெரிக்காவில் விற்பனை சரிந்தது. ஹிரோஷிமாவின் அந்நிறுவனம் வங்கியின் துணையால் தப்பிப் பிழைத்தது. இதில் சதி எங்கே? எண்ணெய் நிலையத்தில் பணம் கொடுத்தவர்களின் தீர்ப்பு அது.

மூன்றாம் முழக்கம் லெமான்ஸ் பற்றியது. 1991-இல் நான்கு சுழலிகள் கொண்ட மாஸ்டா 787பி, 24 மணி நேரப் பந்தயத்தில் 362 சுற்றுகள் ஓடி வென்றது. ஜப்பானிய நிறுவனமொன்று அங்கே பெற்ற முதல் வெற்றி அது. "வென்றதனாலேயே மறு ஆண்டு தடை செய்தார்கள்" என்று இன்றும் பேசப்படுகிறது. 3.5 லிட்டர் பிஸ்டன் இயந்திரங்களுக்கு மாறும் விதி அவ்வெற்றிக்கு முன்னரே முடிவு செய்யப்பட்டதாகும். அதுமட்டுமன்று, எதிரணியின் வலிய கார்கள் 1,000 கிலோ எடை சுமக்க வேண்டியிருந்தபோது, மாஸ்டா 830 கிலோவில் ஓட இசைவு பெற்றிருந்தது. இவ்விரு செய்திகளையும் விழுங்கிவிட்டு வெற்றியை மட்டும் பாடுவது வீரவணக்கமன்று, மோசடி. சிரிப்பவர்களும் இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். அது எரிபொருள் அளவு வரையறுக்கப்பட்ட பந்தயம். அவ்வரம்புக்குள் நின்றே, ஒரு நாள் முழுதும் பழுதின்றி ஓடியே அவ்வியந்திரம் வென்றது. 'ஓடாது, உடைந்து போகும்' என்ற பழிச்சொல்லுக்கு அதனினும் தக்க மறுமொழி இல்லை.

அப்படியானால் 'உடைந்து போகும்' என்ற பழி எங்கிருந்து வந்தது? இயந்திரத்திடமிருந்தன்று; அதை விற்றவர்களின் அவசரத்திலிருந்து வந்தது. என்.எஸ்.யு. நிறுவனம் 1967-இல் ரோ 80 என்னும் அழகிய காரை வெளியிட்டது. அது ஐரோப்பாவின் 1968-ஆம் ஆண்டுக் காராகத் தேர்வு பெற்றது. ஆயினும் முனை அடைப்புகள் தேய்ந்தன. நிறுவனம் இயந்திரங்களை மாற்றிக் கொடுத்துக் கொடுத்தே நலிந்தது. ரோ 80 உரிமையாளர்கள் சாலையில் எதிர்ப்பட்டால், தாம் மாற்றிய இயந்திரங்களின் எண்ணிக்கையை விரல்களால் காட்டி வணங்கிக்கொள்வார்கள் என்று ஒரு கதையும் பிறந்தது. 1969-இல் அந்நிறுவனம் வோல்க்ஸ்வாகன் குடும்பத்துள் அடங்கிவிட்டது. சிட்ரோவன் 1973-இல் தன் சுழல் இயந்திரக் காரை வெளியிட்டு, 847 விற்றபின், அவற்றையே திரும்ப வாங்கி நொறுக்க முயன்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 1970-இல் 5 கோடி டாலருக்கு உரிமம் பெற்றும், அவ்வியந்திரத்தோடு ஒரு காரைக்கூட மக்களுக்கு விற்கவில்லை.

ஹிரோஷிமாவில் நடந்ததோ வேறு. 1963-இல் கெனிச்சி யாமமோத்தோவின் தலைமையில் 47 பொறியாளர்கள் கூடினர். கூட்டின் சுவரில் முனைத்தகடுகள் அலையலையாகக் கீறிய தழும்புகளைச் 'சாத்தானின் நகக்கீறல்' என்று பெயரிட்டு அழைத்தனர். அது இல்லை என்று நடிக்கவில்லை. விளம்பரத்தால் மூடவும் இல்லை. அலுமினியம் ஊட்டிய கரித்தகடு கைகூடும் வரை போராடினர். 60 முன்னோட்டக் கார்களை நாடெங்கும் ஓடவிட்டுப் பார்த்த பின்னரே, 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டு கார்கள்: ஒன்று வாங்கியவனைச் சோதனைக்கூடமாக்கியது, மற்றொன்று சோதனைக்கூடத்தில் தன் கடனைத் தீர்த்துவிட்டு வாங்குபவனிடம் வந்தது. வேறுபாடு இயந்திரத்தில் இல்லை, மனச்சான்றில் இருந்தது.

ஆனால், அந்த மனச்சான்றாலும் வெல்ல முடியாத ஒன்று உண்டு. தகட்டின் தேய்மானம் உழைப்புக்கு இணங்கியது. எரியறையின் வடிவமோ இணங்கவில்லை. 2003-இல் வந்த ஆர்.எக்ஸ்.-8 காரில் புகைவழியைப் பக்கச் சுவருக்கு மாற்றி எத்தனையோ திருத்தங்கள் செய்தனர். ஆயினும் கடுமையாகி வந்த புகை விதிகளால் ஐரோப்பாவில் அதன் விற்பனை 2010-இல் நின்றது. 2012-இல் உற்பத்தியே நின்றது. அரை நூற்றாண்டு உழைப்புக்குப் பின்னும் அன்றாடம் வேலைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் ஓடும் குடும்பக் காருக்கு அது ஏற்றதாகவில்லை என்றால், அதை ஒப்புக்கொள்வதில் யாருக்கும் இழுக்கில்லை. மாஸ்டாவே அதை ஒப்புக்கொண்டுதான், 2023-இல் எம்.எக்ஸ்.-30 காரில் 830 சி.சி. ஒற்றைச் சுழலியைச் சக்கரத்தோடு பிணைக்காமல், மின்கலத்திற்கு மின்சாரம் ஆக்கும் துணைவனாக அமர்த்தியது. நெரிசலில் நின்று நின்று ஓடவேண்டிய துன்பம் அங்கே இல்லை. இடச்சிக்கனம், அதிர்வின்மை என்னும் இரு குணங்களும் அங்கே பயன்படுகின்றன. யானையை உழவுக்குப் பூட்டித் தோற்றபின், மரம் இழுக்க அனுப்பியது போன்ற அறிவுடைமை அது.

இதற்குப் பின்னும், "பழையபடி எல்லாக் கார்களிலும் ரோட்டரி வரவேண்டும்" என்று குரலெழுப்புவோர் ஒரு கேள்விக்கு விடை சொல்லட்டும். அந்த வியப்பின் விலையை யார் கொடுப்பது? விடுமுறை நாளில் மட்டும் காரை வெளியே எடுக்கும் செல்வன் கொடுக்கலாம். அது அவன் உரிமை. மாதத் தவணை கட்டி, பெட்ரோலுக்குக் காசு எண்ணி, அதே காரில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கும் தொழிலாளி ஏன் கொடுக்க வேண்டும்? அவன் விடும் புகையை மூச்சாக இழுக்கும் தெருவாசி ஏன் கொடுக்க வேண்டும்?

வான்கெலின் கேள்வி உயர்ந்தது. ஹிரோஷிமாவின் உழைப்பு அதனினும் உயர்ந்தது. உயர்ந்தவற்றுக்குச் செலுத்த வேண்டிய மரியாதை உண்மை ஒன்றே. குறையை மறைத்து விற்றவன் இயந்திரத்துக்கு அவப்பெயர் தேடித் தந்தான். குறையை மறைத்துப் புகழ்பவனும் அவனுக்குத் தம்பியே.