மசலாவும் வினாடி வினாவும்

வினாவுக்கு விடை தேடும் விளையாட்டு நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் பிசி எனச் சுட்டிய விடுகதை முதல் இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்கள் வளர்த்த மசலா இலக்கியம் வரை அதற்கு நெடிய மரபு உண்டு. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் அரங்கேற்றிய ஆயிரமசலா முழுவதும் வினா விடையாகவே அமைந்தது. நூறுமசலாவிலோ இளவரசி தொடுத்த வினாக்களுக்கெல்லாம் விடையிறுத்தவனே அவள் கரம் பற்றுகிறான். பரிசில்லாமல் போட்டி சுவைக்காது என்பதை அன்றே உணர்ந்திருந்தனர் போலும்!

இன்று தொலைக்காட்சியில் பழைய வினாடி வினா நிகழ்ச்சிகளை மீண்டும் அரங்கேற்றும் முயற்சி பல நாடுகளில் நடைபெறுகிறது. இதனைக் கற்பனை வறட்சி என்று ஒதுக்குவாருடன் நாம் உடன்படவில்லை. ஆயினும், எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்னும் தெளிவு மீட்பவர்க்கு வேண்டும்.

அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' இதற்குத் தக்க சான்று. மெர்வ் கிரிஃபின் உருவாக்க, 1964இல் தொடங்கிய அந்நிகழ்ச்சியில் விடை முதலில் தரப்படும். அதற்குரிய வினாவைப் போட்டியாளர் கூறுதல் வேண்டும். 1975இல் அது நின்றது. 1978இல் மீண்டும் கொணர்ந்தோர், முதற்சுற்றிலேயே கடைசியில் நிற்பவரை வெளியேற்றியும், இறுதிப் பந்தய வினாவை நீக்கிப் புதியதோர் ஆட்டத்தைச் சேர்த்தும் அதன் எலும்பையே முறித்தனர். சில திங்களில் அது ஓய்ந்தது. 1984இல் அலெக்ஸ் டிரெபெக் நடத்த மறுபடி வந்தபோது பழைய அமைப்பே திரும்பிற்று. அட்டைகள் இருந்த இடத்தில் திரைகள் ஒளிர்ந்தன. தொடக்கத்தில் 10 டாலராக இருந்த எளிய வினாவின் மதிப்பு 100 டாலராயிற்று. ஆட்டத்தின் அடிப்படை மாறவில்லை. 2020இல் தாம் மறையும் வரை டிரெபெக்கே அதனை நடத்தினார்.

தமிழிலும் ஒரு சான்று உண்டு. 1998இல் பிரிட்டனில் பிறந்த கோடீசுவர நிகழ்ச்சி 2000இல் சரத்குமார் நடத்த சன் தொலைக்காட்சியிலும், 2012இல் சூர்யா நடத்த விஜய் தொலைக்காட்சியிலும் வந்தது. 2019இல் கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி' மகளிர்க்கென்றே அமைந்தது. அதில் 2020 ஜனவரியில், செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத மதுரைப் பெண்மணி ஒருவர் ஒரு கோடி ரூபாய் வென்றார். ஆட்டத்தின் விதியை விடுத்து, நாற்காலியில் அமர்வோரை மாற்றிய இம்மீட்பை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

எனினும் ஓர் ஐயத்தை மறைத்தல் தகாது. "இது சூதாகாதா?" என நம் பெரியோர் சிலர் வினவுகின்றனர். அறிவுக்குத் தரும் பரிசு வேறு, மறை விலக்கிய மைசிர் வேறு என்போம். ஆனால் பிரிட்டனில் அந்நிகழ்ச்சிக்கு விண்ணப்பித்தோர் பேசிய தொலைபேசிக் கட்டணமே பரிசுத்தொகைக்குத் துணை நின்றது என்பதை எண்ணுங்கால், பெரியோர் அச்சம் வீண் என்று தள்ள இயலவில்லை. பலர் இழந்த சிறுகாசு ஒருவர் கைக்குப் பெருநிதியாவது சூதின் சாயலே அன்றோ? அறிவே தேவைப்படாது பெட்டியைத் திறந்து பணம் அள்ளும் நிகழ்ச்சிகளை மீட்காமல் விட்டாலும் இழப்பொன்றுமில்லை.

நேர்மையும் இன்றியமையாதது. 1950களில் அமெரிக்காவின் 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் விடைகள் முன்னரே சொல்லித் தரப்பட்டமை வெளிப்பட்டு, 1960இல் அதனைத் தடுக்கச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

தமிழ்த் தொலைக்காட்சியார்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. நுழைவுக் கட்டணம் வாங்காமல், கல்லூரி மாணவர்க்கென ஒரு வினாடி வினாவை வாரந்தோறும் மீட்டுத் தாருங்கள். வினாக்களுக்குப் பஞ்சமில்லை, நூறுமசலாவிலிருந்தே தொடங்கலாம். பரிசு நூல்களாக இருப்பினும் எம் மாணவர் வருவர்.