பீரோ போதும், சந்தா கட்டிக் கொடுங்கள்



ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் நேரத்தில் உங்கள் வக்கீல் எங்கோ ஓடிப்போய் ஒரு தடித்த புத்தகத்தோடு திரும்புவாரே, அந்த அறைதான் எங்கள் வழக்கறிஞர் சங்க நூலகம். அதற்காகத்தான் இந்த வேண்டுகோள்.

2024 ஜூலை 1 முதல் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 என்பது சினிமா பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். இன்று அது 103. ஊர் வசவாகவே ஆகிவிட்ட 420, இப்போது 318. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். ஆகவே பழைய விளக்க நூல்களை எடைக்குப் போடவும் முடியாது, புதியவற்றை வாங்காமலும் இருக்க முடியாது.

இணையத்தில் கிடைப்பதற்குக் காசு கேட்க மாட்டோம். சட்டங்களின் மூலப் பாடம் இந்தியா கோட் தளத்திலும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 முதல் இ-எஸ்சிஆர் தளத்திலும் இலவசம். அவற்றை அச்சில் வாங்குவதை நிறுத்துகிறோம். மிஞ்சுவது விளக்க நூல்களும், 1891 முதல் வரும் மெட்ராஸ் லா ஜர்னல் போன்றவற்றின் சந்தாவும்தான். ஒரு வருடச் சந்தா விட்டுப்போனால் வரிசையில் பொக்கை விழும். பிறகு தேடினாலும் அந்தத் தொகுதி கிடைப்பது அரிது. உதிரி இதழ்களை உடனே பைண்டிங் செய்யாவிட்டால் யாராவது ஒருவருடைய கார் டிக்கியில்தான் கண்டெடுக்க வேண்டியிருக்கும்!

வக்கீல்களே பணம் போட்டு வாங்கக் கூடாதா என்பீர்கள். நியாயமான கேள்வி. உறுப்பினர் சந்தா கரண்டு பில்லுக்கும் உதவியாளர் சம்பளத்துக்கும் சரியாகப் போய்விடுகிறது. வசதியுள்ள சீனியர்கள் கட்டண மென்பொருள் வைத்திருக்கிறார்கள். இலவச சட்ட உதவியில் ஏழைக்காக வாதாடும் ஜூனியருக்கு இந்த அறைதான் கதி. அவர் முன்தீர்ப்பைக் கண்டுபிடிக்காமல் போனால் நஷ்டம் கட்சிக்காரருக்கு.

இதுவரை வந்த நன்கொடைகள் பீரோ, மின்விசிறி, சுவர்க்கடிகாரம். எல்லாவற்றிலும் ‘உபயம்’ பளிச்சென்று எழுதியிருக்கிறது. நன்றி, ஆனால் பீரோவில் வைக்கப் புத்தகம் வேண்டுமே. ஒருமுறை பெருந்தொகை தருவதைவிட, ஒரு ஜர்னலின் சந்தாவை ஆண்டுதோறும் புதுப்பித்துத் தருவதாக ஒரு குடும்பமோ ஒரு கடையோ ஏற்றுக்கொண்டால் போதும். நான்கைந்து வீடுகள் சேர்ந்தும் செய்யலாம்.

வீட்டில் தாத்தா காலத்துச் சட்டத் தொகுதிகள் இருந்தால் மூட்டையாகக் கொண்டுவர வேண்டாம். முதலில் ஆண்டு வாரியாக ஒரு பட்டியல் அனுப்புங்கள். எங்களிடம் இல்லாததை நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். போட்டித் தேர்வு கைடுகளைக் கிளை நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

பணத்துக்கு ரசீது உண்டு. வரவு செலவை மாதந்தோறும் நூலக வாசலில் ஒட்டுவோம்.

இப்படிக்கு,
நூலகக் குழுவினர், வழக்கறிஞர் சங்கம்