டோக்கன் வேண்டாம், பாக்கியைக் கொடு!

2023 பிப்ரவரி 4. மறுநாள் தைப்பூசம். வாணியம்பாடி வாரச் சந்தைப் பக்கம் இலவச வேட்டி சேலைக்கு டோக்கன் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஏழைப் பெண்கள் கூட்டங்கூட்டமாகத் திரண்டார்கள். நெரிசலில் நான்கு மூதாட்டிகள் மிதிபட்டு மாண்டார்கள். பலருக்குக் காயம். டோக்கன் கொடுத்தவர் தனியார்; போலீஸ் அவரைக் கைது செய்தது. சர்க்கார் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. விஷயம் முடிந்தது என்று பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போய்விட்டன.

முடிந்துவிட்டதா, தோழர்களே?

கையில் சேலைகூட இல்லை. சேலை வாங்குவதற்கான சீட்டு! அதற்காக நான்கு உயிர். இதைக் கேட்டவுடன், "இலவசம் என்றால் இப்படித்தான் முண்டியடிப்பார்கள், வரிசையில் நிற்கத் தெரியாத ஜனங்கள்" என்று உச்சுக் கொட்டும் கனவான்கள் நம் நாட்டில் நிறைய. அவர்களிடம் ஒரு கணக்குக் கேட்போம். அந்தப் பிப்ரவரியில் தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். அந்த ஆகஸ்டில்தான் அது 1,200 ஆயிற்று. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் கைகால் வெந்து, பி.எப். கட்டி ஓய்வு பெற்றவருக்காவது கௌரவமான தொகை உண்டா? 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச பி.எப். பென்ஷன் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். விலைவாசி ஏணி வைத்து ஏறியது. பத்து வருஷம் கழிந்தும் அந்த ஆயிரம் நின்ற இடத்தில் நின்றது. மாதம் ஆயிரத்தில் அரிசி, மருந்து, பேரக்குழந்தைக்கு ஒரு பிஸ்கட் என்று காலம் தள்ளும் கிழவிக்குப் பண்டிகைச் சேலை எங்கிருந்து வரும்? அவள் முண்டியடித்தாள் என்றால், அவளைப் பின்னாலிருந்து தள்ளியது யார்?

பொங்கலுக்கு வேட்டி சேலை கொடுக்கும் சர்க்கார் திட்டம் 1983-லிருந்து நம் மாநிலத்தில் இருக்கிறது. நெசவாளிக்கு வேலை, ஏழைக்குத் துணி என்று வந்த திட்டம். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சேலை வருகிற பொங்கல் கழிந்து மூன்றே வாரத்தில் இன்னொரு வாசலில் உயிரைக் கொடுத்து நிற்கிறார்களே, இதற்கு என்ன அர்த்தம்?

வாணியம்பாடி முதல் சம்பவமும் அல்ல. 2004 ஏப்ரலில் லக்னோவில் ஓர் அரசியல் தலைவரின் பிறந்தநாள் சேலை விநியோகம். இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் நசுங்கிச் செத்தார்கள். 2005 டிசம்பர் 18-ஆம் தேதி சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கன்; 42 பேர் பலி. ஊர் வேறு, கட்சி வேறு, கொடுக்கிற கை வேறு. பட்டியல் போட்டு வீடு தேடிக் கொடுக்க வேண்டியதைக் கூட்டம் சேர்த்துக் கொடுக்கிற முறை மட்டும் ஒன்றே. கூட்டம் சேர்ந்தால்தானே தர்மப் பிரபுவின் படம் பெரிதாக விழும்!

தர்மம் செய்கிறவர் எல்லோரையும் நாம் ஏசவில்லை. ரம்ஜான் மாதத்தில் ஆம்பூர்த் தெருக்களில் ஜகாத் கொடுக்கும் நல்ல மனசுக்காரர் உண்டு. கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு அரிசி மூட்டையும் கொண்டு போகிற திருச்சபைப் பெண்கள் உண்டு. மாரியம்மன் திருவிழாவில் கூழ் ஊற்றும் கூலிக்காரக் குடும்பங்கள் உண்டு. ஏழைக்கு ஏழை உதவுவது நம் ஊரின் பெருமை. நாம் கேட்பது ஒன்றுதான்: பாக்கிக்காரன் தர்மப் பிரபு வேஷம் போடலாமா?

பாக்கி எது என்று கேட்கிறீர்களா? போனஸ்!

தீபாவளிக்கு முன்னால் ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸை நீட்டிச் சிரிக்கும் கம்பெனிகளை நாம் அறிவோம். ஸ்வீட் இனாம். போனஸ் இனாம் அல்ல. 1924-இல் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் ஒன்றரை லட்சம் பேர் போனஸுக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். சர்க்கார் அமைத்த கமிட்டி, "இதைக் கேட்க உங்களுக்குப் பாத்தியதை இல்லை" என்று கைவிரித்தது. பட்டினியோடு அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். நாற்பது வருஷப் போராட்டத்துக்குப் பின் 1965-இல் போனஸ் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் 4 சதவீதம். எழுபதுகளின் தொடக்கத்தில் அது 8.33 ஆயிற்று. 1975-இல் நெருக்கடி நிலை வந்ததும் முதல் காரியமாகப் பறித்தவற்றில் போனஸும் ஒன்று; மறுபடி 4 சதவீதம்! 1977-இல் ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் 8.33 திரும்பியது. பன்னிரண்டு மாதம் உழைத்தவனுக்கு ஒரு மாதச் சம்பளம், இதுதான் 8.33-இன் பொருள். மாதம் 7,000 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டாலும் வருஷத்துக்கு ஏறக்குறைய 7,000 வர வேண்டும். ஸ்வீட் பாக்ஸ் எத்தனை ரூபாய்?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டு வந்து, 1965 சட்டத்தை ஊதியத் தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள். அந்தத் தொகுப்புகளோடு நமக்குள்ள சண்டை வேறு. அதைத் தனியே எழுதுவோம். ஆனால் 8.33 அங்கேயும் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், வருஷத்தில் 30 நாள் வேலை, கணக்கு வருஷம் முடிந்து 8 மாதத்துக்குள் பட்டுவாடா. முதலாளி நஷ்டக் கணக்கைக் காட்டினாலும் சரி, 2025-இல் அமெரிக்கா போட்ட 50 சதவீத வரியைக் காட்டினாலும் சரி, குறைந்தபட்ச போனஸ் கொடுத்தே தீர வேண்டும். "நீ காண்டிராக்ட் ஆள், உனக்கு இல்லை" என்று மேஸ்திரி சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தக் கணக்குக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமத்து வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏஜெண்டு கொண்டுவந்து போடும் ஷூ அப்பரைக் கையால் தைக்கும் நம் தாய்மார்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு ஜோடி தைத்தால் இவர்களுக்கு 10 ரூபாய்கூடக் கிடைப்பதில்லை என்று எழுதியது. அந்த ஷூ ஐரோப்பியக் கடையில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகிறது. அவர்கள் பெயர் எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை. இ.எஸ்.ஐ. இல்லை, பி.எப். இல்லை, போனஸ் இல்லை, லீவு இல்லை. இன்று டோக்கன் கியூவில் நிற்கும் கிழவியும் நாளை நிற்கப் போகும் கிழவியும் இந்தத் திண்ணையிலிருந்துதான் வருகிறார்கள்.

வயல்காட்டுக் கூலிகளின் கதை என்ன? 2025 பொங்கலுக்கு முதல் நாள், ஜனவரி 13, தமிழ்நாட்டு முதலமைச்சர் டில்லிக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது: நூறு நாள் வேலைக் கூலி பாக்கி 1,056 கோடி ரூபாயை விடுவியுங்கள் என்று! அடுப்பில் பானை ஏற வேண்டிய நாளில், செய்து முடித்த வேலைக்குக் கூலி இல்லை. அந்த 2025 பொங்கல் பரிசில் ரொக்கமும் இல்லை. 2021-இல் 2,500 ரூபாய் கொடுத்தார்களே என்று கேட்பீர்கள். அது சட்டசபைத் தேர்தல் வருஷம், தோழர்களே; 2022-இல் ஒரு ரூபாய்கூட ரொக்கம் இல்லை. அந்த நூறு நாள் வேலைச் சட்டத்தையும் 2025 டிசம்பரில் மாற்றிவிட்டார்கள். இங்கே பாலாற்றங்கரையில் தோல் கழிவு பாய்ந்து நிலம் கெட்டு, விவசாய வேலையே சுருங்கிப்போன ஊர்கள் எத்தனை! 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது; 2025 ஜனவரியில் அதே கோர்ட், பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடு என்று மறுபடி சொல்ல வேண்டி வந்தது.

ஆகவே வருகிற பண்டிகைக்குக் காத்திராமல் இப்போதே ஊர்க்கூட்டம் போடுங்கள். பொங்கல் விளையாட்டுப் போட்டி, கோலப் போட்டி எல்லாம் நடக்கட்டும். அதே பந்தலில் ஒரு மேஜை போட்டு, படித்த பிள்ளைகள் இரண்டு பேரை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வையுங்கள். யாருக்கு எந்தக் கம்பெனியில் போனஸ் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் கூலி நிற்கிறது, யாருக்கு ரேஷன் கார்டில் பெயர் இல்லை என்று எழுதுங்கள். காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளருக்கென்றே தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. 60 வயதுக்குப் பின் பென்ஷன், பிள்ளைகள் படிப்புக்கு உதவி, பிரசவ உதவி அதில் உண்டு. திண்ணையில் தைக்கும் பெண்களை அங்கே பதிய வையுங்கள். போனஸ் பட்டியலைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

வடநாட்டுத் தோழர்களையும் கூப்பிடுங்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்த் தொட்டிச் சுவர் இடிந்து, தோல் கம்பெனியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கிச் செத்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து வந்தவர்கள். பண்டிகைக்கு ஊர் போகக் காசில்லாமல் ஷெட்டிலேயே கிடப்பவர்களுக்கு நம் பந்தலில் ஓர் இலை போடுவது பெரிய செலவல்ல.

நோட்டில் முதல் பக்கத்தை மட்டும் காலியாக விடுங்கள். பிள்ளையில்லாமலும், பிள்ளை இருந்தும் தனியாகவும் கிடக்கும் கிழவிகளின் பெயரை அதில் எழுதி, அவர்களுடைய வேட்டி சேலையும் பென்ஷனும் வந்ததா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வாருங்கள். வரவில்லை என்றால், தாலுகா ஆபீசுக்கு அவர்களை அனுப்பாதீர்கள், நாம் போவோம்.